என் நடையைத் தெரிந்தவள்

பக்கத்து வளவு அக்காவை நான் கூப்பிடுவது கல்லால்தான். மதிலுக்கு மேலாகச் சின்னக் கல்லொன்றை எறிவேன். அது தையல் மெசினுக்கு முன்னால் விழுந்ததும் நிமிர்ந்து பார்ப்பாள். பிறவியிலேயே அவளுக்குக் காது கேளாது, பேச்சும் இல்லை. எனக்கு இளம்பிள்ளைவாதத்தில் வலக்கால் சூம்பியிருந்தது. கொக்குவிலில் எங்கள் ஒழுங்கைச் சனமெல்லாம் கல்யாணவீட்டுக்கு வெளிக்கிட்டுப் போகும்போது, வீடு பார்க்க விடப்படுகிறவர்கள் நாங்கள் இருவரும்தான். அப்படி இருந்த பகல்களில் எங்களுக்குள் ஒரு கைப்பாஷை உண்டாயிற்று. அது வேறு எவருக்கும் தெரியாது.

எண்பத்தைந்தாம் ஆண்டென்று நினைவு. துணி வாங்க நாங்கள் இருவரும் போன பஸ்சை ஆமி மறித்து எல்லோரையும் இறக்கியது. ஒருவன் சிங்களத்தில் ஏதோ கத்தினான். எல்லோரும் நின்றோம். முன்னால் நடந்துகொண்டிருந்த அக்கா நிற்கவில்லை. அவன் துவக்கை நீட்டினான்.

"அவவுக்குக் காது கேளாது! காது கேளாது!"

நான் கத்தினேன். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஓடிப்போய் அவளைப் பிடிக்க என்னால் ஏலாது. அவன் அவளுக்குப் பின்னால் போய்த் துவக்குப் பிடியால் தோளில் அடித்தான். விழுந்தவள் திரும்பி என்னைத்தான் பார்த்தாள். என் சத்தமும் அவளின் மௌனமும் அவனுக்கு ஒன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

தொண்ணூற்றைந்தில், ஆமி நெருங்கி வருகிறது, எல்லோரும் ஊரைவிட்டு வெளியேற வேண்டுமென்று ஒலிபெருக்கியில் அறிவித்தபோது அம்மா உயிரோடு இல்லை. அண்ணை கனடாவில். அக்காவின் ஆட்கள் முன்னமே சாவகச்சேரிக்குப் போய்விட்டார்கள். அவள் போகவில்லை. என்னைச் சைக்கிள் கரியரில் இருத்தி, மழைக்குள் தள்ளிக்கொண்டே நடந்தாள். நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்டச் சில்லு சேற்றில் புதைந்தது. அதை இழுக்க அவள் குனிந்த நேரம், "கால் ஏலாத பிள்ளை, இதிலை ஏறும்" என்று யாரோ என்னை உழவு இயந்திரப் பெட்டியில் தூக்கிவிட்டார். நல்ல மனத்தோடுதான். உடனேயே அது நகர்ந்துவிட்டது. நான் கத்திக் குழறினேன். குனிந்த முதுகு நிமிரவேயில்லை.

சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தின் மூலையில் மூன்று நாள் கிடந்தேன். சுற்றிவர நூற்றுக்கணக்கான சனம். அவள் பள்ளிக்கூடம் போகாதவள். என் பெயரைச் சொல்லவும் தெரியாது, எழுதவும் தெரியாது. எப்படி என்னை விசாரிப்பாள்? நாலாம் நாள் தண்ணீர் அள்ளப் போன ஒரு மனுசி வந்து கேட்டாள்:

"பிள்ளை, அங்கை ஒரு பொம்பிளை நொண்டி நொண்டி நடந்து காட்டிக்கொண்டு திரியிறா. உம்மையோ தேடுறா?"

ஒவ்வொரு பள்ளிக்கூடமாக, கோயிலாகப் போய், ஆட்களுக்கு முன்னால் என்னைப்போலவே வலக்காலை இழுத்து நடந்து காட்டியிருக்கிறாள். பிள்ளைகள் சிரித்தபடி பின்னால் வந்தார்கள். என்னைக் கண்டதும் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். பிறகுதான் அழுதாள்.

இரண்டு வருடத்தில் அண்ணை என்னைக் கனடாவுக்கு எடுத்துவிட்டார். இங்கே படி ஏற ஏலாத எனக்காக பஸ்சே தரைமட்டும் தாழ்ந்து நிற்கிறது. அதில் என்னோடு கதைக்க ஒருவரும் இல்லை. போன மாசம் அக்கா செத்துப்போனாள். அவளின் தங்கச்சி பெற்ற பெறாமகள்தான் தொலைபேசியில் சொன்னாள்.

"கடைசி நாளெல்லாம் கையாலை ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தவ. ஆருக்கு விளங்கும்?"

"கையை எப்பிடி ஆட்டினவ எண்டு சொல்லு பிள்ளை," என்றேன்.

அவளுக்கு அது நினைவில்லை.