அப்லோடு நின்றுபோன வீடுகள்

இன்டர்நெட் ரிப்பேர் தொழிலில், படம் பார்க்க முடியவில்லை என்று கூப்பிடுபவர் கோபமாக இருப்பார். ஃபைல் அனுப்ப முடியவில்லை என்று கூப்பிடுபவர் அழுகிற நிலையில் இருப்பார். நீங்களும் அப்படி உட்கார்ந்திருப்பீர்கள். வேகம் சரசரவென்று ஏறும், பூஜ்யத்துக்கு விழும், மறுபடி ஏறும். மீதி நான்கு நிமிடம் என்று காட்டியது நான்கு மணி நேரமாகும். பாலக்காட்டுப் பக்கம் சித்தூரில் ஒரு சின்ன கேபிள் கம்பெனியில் வேலை பார்க்கும் நான், உங்களுக்காகத்தான் ஏழு வருடமாக ஸ்கூட்டரில் அலைகிறேன்.

குறைத்தால் கூடும்

கொல்லங்கோட்டில் செந்தில் என்று ஒரு கல்யாண வீடியோக்காரர். கோயம்புத்தூர் ஸ்டுடியோ ஒன்று அவருக்கு முதல் முறையாக வேலை கொடுத்திருந்தது. சாயங்காலத்துக்குள் ஃபைல் போய்ச் சேராவிட்டால் அடுத்த கல்யாணம் வேறு ஆளுக்கு. ஃபைல் ஷேரிங் சாஃப்ட்வேரில் போட்டுவிட்டுக் காலையிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடக்கூட இல்லை.

லைனில் கோளாறு இல்லை. சாஃப்ட்வேர்தான் மொத்த லைனையும் அடைத்துக்கொண்டு அனுப்பியது. நடுநடுவே அனுப்பும் கம்ப்யூட்டரும் வாங்கும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ள வேண்டிய சின்னச் சின்னச் செய்திகளுக்கு வழி இல்லை. அதனால் அனுப்புவதும் நின்று நின்று போனது. செட்டிங்ஸில் அப்லோடு வேகத்துக்கு ஒரு வரம்பு வைத்தேன், லைனின் முழு வேகத்துக்குக் கொஞ்சம் கீழே. அதன் பிறகு வேகம் விழவே இல்லை. நாலரை மணிக்கு ஃபைல் போய்ச் சேர்ந்தது. செந்தில் மூச்சு விட்டுவிட்டுச் சொன்னார்: "மெதுவாப் போன்னு சொன்னா வெரசாப் போகுதுங்க. இத எங்க வேன் டிரைவர்கிட்டயும் சொல்லோணுங்க."

தொழுவத்துக் கேமரா

சித்தூருக்குப் பக்கத்தில் கவிதா என்பவர் வீட்டிலிருந்தபடியே கட்டிட வரைபடம் போட்டு அனுப்புகிறார். அவருக்குப் பகலெல்லாம் அப்லோடு தடுமாறியது. வீட்டில் இருந்த ஒவ்வொரு கருவியாக நிறுத்திப் பார்த்தேன். கடைசியில் மிஞ்சியது, மாமனார் பொன்னுசாமி மாட்டுத் தொழுவத்தில் மாட்டியிருந்த கேமரா.

எது அசைந்தாலும் படம் எடுத்து உடனே நெட்டில் ஏற்றும் கேமரா அது. எதிரே இரண்டு எருமைகள் ஓயாமல் அசை போட்டுக்கொண்டிருந்தன. வாசல் பக்கத்தை மட்டும் கவனிக்கும்படி மாற்றிவிட்டு, அதுவரை ஏற்றியிருந்ததைப் பெரியவருக்குப் போட்டுக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். படம் முழுக்க எருமை முகம்தான். "ஏனுங்க அம்மிணி, இத்தன படத்துல ஒண்ணுலகூட நான் தீனி போடறது இல்லீங்களே" என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டார்.

மூன்று மணி நேரம்

இது என் சொந்த அவமானம். நாதஸ்வரப் பதிவுகளைச் சிங்கப்பூரில் இருக்கும் மாணவிக்கு நேரடியாக அனுப்பும் வாத்தியார் ஒருவருக்கு ரூட்டர் மாற்றினேன், கேபிள் மாற்றினேன், செட்டிங்ஸ் அத்தனையும் மாற்றினேன். வேகம் அதே போல ஏறி இறங்கியது. வாங்குகிற பக்கத்திலும் சிக்கல் இருக்கலாம் என்பது மூன்று மணி நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. மாணவியைக் கூப்பிட்டால், சுரங்க ரயிலில் போய்க்கொண்டே போனில் இறக்கிக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்குப் போனதும் பத்தே நிமிடத்தில் எல்லாம் வந்துவிட்டதாகச் சொன்னாள்.

ஆபீஸில் எங்கள் மேனேஜர் ராதாகிருஷ்ணன் என் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுச் சொன்னது: "அடுத்த தடவ சிங்கப்பூர் ரயில் ரிப்பேர் ஆனா உன்னத்தான் அனுப்பணும்."

ஏணிமேல் மாரியப்பன்

தேயிலை மலையான பீர்மேட்டில் எங்கள் கம்பெனி லைனுக்கு ஆள் இல்லாமல் என்னை மூன்று மாதம் அங்கே அனுப்பியிருந்தார்கள். ஒரு நாள் எஸ்டேட் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு. தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது தோட்டத் தொழிலாளி பாண்டியம்மா வழுக்கி விழுந்து கை வீங்கியிருந்தது. எக்ஸ்ரே எடுத்தாயிற்று. எலும்பு விலகியிருந்தால் உடனே ஜீப்பில் மலை இறக்க வேண்டும். இறக்குவதா வேண்டாமா என்று கீழே இருக்கும் டாக்டர் சொல்ல வேண்டும். போனில் பிடித்த படம் மங்கல், அசல் ஃபைல்தான் வேண்டும் என்றார் அவர். அது பாதியிலேயே அறுந்து அறுந்து விழுந்தது.

வெளியே வந்து கேபிள் போகும் வழியைப் பார்த்தேன். யாரோ அதைச் சில்வர் ஓக் மரத்தோடு கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். காற்றில் மரம் ஆடும்போதெல்லாம் கேபிள் மடங்கியது. உள்ளே இருப்பது கண்ணாடி இழை, மடங்கினால் வேலை செய்யாது. கம்பியை வெட்டிவிட்டேன், கேபிள் தொங்கி மடங்கப் பார்த்தது. நான் உள்ளே போய் ஃபைலை அனுப்பி முடிக்கும் வரை யாராவது கேபிளைப் பிடித்திருக்க வேண்டுமே. பாண்டியம்மாவின் புருஷன் மாரியப்பன், "நான் பிடிக்கேன் தாயி" என்று ஏணியில் ஏறினார்.

பனிக்காற்றில் பதினைந்து நிமிடம் நின்றார். ஃபைல் முழுதாகப் போனது. டாக்டர் பார்த்துவிட்டு, சின்ன விரிசல்தான், எலும்பு விலகவில்லை, அங்கேயே கட்டுப் போட்டால் போதும் என்றார். நான் ஓடிப்போய்ச் சொன்ன பிறகும் மாரியப்பன் உடனே இறங்கவில்லை. கால் மரத்துப்போயிருந்தது. ஜன்னல் வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்த பாண்டியம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "என்னயக் கட்டுன நாளா, இந்த மனுசன் இம்புட்டு நேரம் ஒரு எடத்துல நின்னு இன்னைக்கித்தான் பாக்கேன்."

கம்பெனி எனக்குக் கற்றுக்கொடுத்தது கேபிளையும் செட்டிங்ஸையும் சரிபார்க்க மட்டும்தான். மற்றதையெல்லாம், உங்களைப் போலக் காத்துக்கொண்டிருக்கிறவர்கள்தான் ஒரு டீயும் கொடுத்துக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.