கடல் சூழ்ந்த தீவில் தபசு காலம்

சிட்னிக்கு வடக்கே, மலைகளுக்கிடையே கடல் நீளமாகப் புகுந்து கிடக்கும் குடா ஒன்றில் ஆளில்லாத குட்டித் தீவு இருக்கிறது. கடல் வற்றும்போது மணல்திட்டு தெரியும், நடந்தே போய்விடலாம். தண்ணீர் ஏறும் நேரத்தைப் பார்த்துப் போகும்படி கரையில் பலகை வைத்திருக்கிறார்கள். மன்னாரில் பிறந்தவனுக்குக் கடலைப் பற்றிப் பாடமா என்று நான் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. எங்கள் ஊர்க் கடல் காலையில் எங்கே நிற்கிறதோ, மாலையிலும் ஏறக்குறைய அங்கேதான் நிற்கும்.

மனைவிக்கு நீரிழிவு. சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலினைக் காரிலேயே போட்டுக்கொண்டு புட்டுப் பொதியை அவிழ்க்கப் போனவள், தீவைக் கண்டதும் மனம் மாறினாள்.

"ஒருக்காப் போய்ப் பார்த்திட்டு வந்து சாப்பிடுவம்."

தீவு ஒரு வீட்டு வளவு அளவுதான். பாறை முழுக்கச் சிப்பி, ஓரமெல்லாம் கண்டல் மரம். ஒரு கூழைக்கடா எங்களை வீட்டுக்காரன் மாதிரி முறைத்தது. சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினால் மணல்திட்டைக் காணவில்லை. அந்த இடத்தில் தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடியது. கைபேசியில் சிக்னலும் இல்லை.

"பசிக்குதப்பா" என்றாள். முகமெல்லாம் வேர்வை, கையில் நடுக்கம். சீனி குறைகிறது என்று விளங்கிவிட்டது.

"உம்மட பையில டொபி இருக்குமெல்லே?"

"தபசு காலமப்பா. ஈஸ்டர் வரைக்கும் இனிப்பு விட்டிட்டன்."

விட்டவள் ஆபத்துக்கு வைத்திருந்த டொபியையும் அல்லவா வீட்டில் எடுத்து வைத்துவிட்டாள்! கோபம் வந்த வேகத்திலேயே அடங்க, உதவிக்கு ஆள் தெரிகிறதா என்று தண்ணீரோரம் ஓடினேன்.

தூரத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கயாக் தோணி வலித்துக்கொண்டு போனார். தொண்டை கிழியக் கத்தினேன். வந்து, விஷயத்தைக் கேட்டதும் ஒரு பை ஜெலி மிட்டாயை நீட்டினார். என் மனைவியோ வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"நேர்ந்தனான்..."

"ஆண்டவரோட நான் கதைக்கிறன். நீர் முதல்ல விழுங்கும்!"

விழுங்கினாள். பிறகு இன்னும் இரண்டு. அந்தப் பெண்ணும் போகாமல் பக்கத்திலேயே இருந்தார். மெல்ல மெல்ல நடுக்கம் நின்றது, முகத்தில் களை வந்தது. அப்பாடா என்று நிலத்தில் அப்படியே இருந்துவிட்டேன். கடல் இனி எப்போது வற்றினால்தான் எனக்கென்ன.

கொஞ்ச நேரம் கழித்து மனைவி என் காதோடு சொன்னாள்: "இஞ்சாருங்கோ, அந்தச் சிவப்பில இன்னுமொண்டு தருவாவோ எண்டு கேளுங்கோ."

அழுதுகொண்டே கேட்டேன்.