பாடுபவர் திருச்சுழி தனுஷ்கோடி

என் மைக்செட் கடையில் இரண்டு தகரப் பெட்டிகள் இருந்தன. குங்குமப் பொட்டு வைத்த பெட்டியில் கல்யாணம், காதுகுத்து, சடங்குக்கான கேசட்டுகள். பொட்டில்லாத பெட்டியில் எழவு வீட்டுப் பாட்டுகள். ஒன்றில் இருப்பதை மாற்றி இன்னொன்றில் போட்டால் அதன் பிறகு திருச்சுழியில் தொழில் செய்ய முடியாது. தனுஷ்கோடியின் குரல் மட்டும் இரண்டு பெட்டியிலும் இருந்தது. அது நல்லதற்கில்லை என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். பெட்டியைச் சுமந்தவன் நான்தானே.

எண்பத்து நாலில் அவன் 'பூந்தென்றல்' இன்னிசைக் குழுவில் பாடத் தொடங்கினான். குழுவை நடத்தியவர் வீரசோழன் தமீம் அன்சாரி, ஆர்மோனியம் வாசிப்பார். அருப்புக்கோட்டையிலிருந்து நரிக்குடி வரை கல்யாண வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளை யார் என்பதற்கு முன்னால் தனுஷ்கோடி வருவானா என்றுதான் கேட்டார்கள். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன், ஆனால் பொய்யில்லை. தாலி கட்டி முடிந்ததும் அவன் பாடும் வாழ்த்துப் பாட்டுக்குப் பெண்ணைப் பெற்றவள் அழாத கல்யாணம் ஒன்றையும் நான் பார்த்ததில்லை. அவன் மகள் வளர்மதி, ஆறு வயசுக்காரி, என் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள்.

"மாமா, என் கல்யாணத்துக்கும் எங்கப்பாதான் பாடணும்" என்பாள் என்னிடம்.

"வேற எவன் பாடுவான்? நான் இருக்கேன்ல?" என்பான் தனுஷ்கோடி.

அவனுக்கு ஒரே ஒரு குறை. நோட்டீஸில் குழுவின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், அவன் பெயர் ஒலி ஒளிக்காரனான என் பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கும். தொண்ணூற்று ஒன்றில் மதுரையிலிருந்து கேசட் போடும் ஒருவர் வந்தார். சாமிப் பாட்டுக்கு ஆள் நிறைய இருக்கிறது, ஒப்பாரி பாடுகிறாயா, முழுக் கேசட்டும் உன் ஒருவன் குரல்தான் என்றார். மற்றப் பாடகர்களும் அப்படி ஒப்பாரி பாடியவர்கள்தான். ஆனால் ஒருத்தரும் பெயர் போட்டுக்கொள்ளவில்லை. இவனோ அட்டையில் தன் படம் வேண்டும், ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் தன் பெயரைச் சொல்ல வேண்டும் என்று நின்றான்.

அன்சாரி ஆர்மோனியத்தை மூடிவிட்டுச் சொன்னார்: "மாப்ளே, பாடுறதப் பாடிட்டுப் போ. பேரை மட்டும் போடாத. எழவு வீட்டு வாசல்ல எவனும் தன் பேரை எழுதி வைக்கிறதில்ல."

"என் பேரு நாலு ஊருக்குத் தெரியக்கூடாதுன்னு பாக்குறீக மாமா."

அன்றோடு பூந்தென்றலும் அவனும் பிரிந்தார்கள்.

கேசட்டை முதலில் போட்டவன் நான். பரளச்சியில் ஒரு சாவு. "பாடுபவர், திருச்சுழி தனுஷ்கோடி" என்று குழாய் ஸ்பீக்கர் சொன்னது, பிறகு பாட்டு வந்தது. அழுது ஓய்ந்திருந்த பெண்கள் மறுபடி மாரில் அடித்துக்கொண்டார்கள். நானும் அழுதேன். பாவி அப்படிப் பாடியிருந்தான். ஒரு வருசத்தில் அந்தக் கேசட் இல்லாமல் எந்த ஊரிலும் பாடை எழும்பவில்லை. குழாயில் அவன் பெயர் கேட்டதும் காட்டில் மிளகாய் பறிக்கிறவர்கள் நிமிர்ந்து நின்று "யாரு?" என்று கேட்டுக்கொண்டார்கள். பாடுவது யார் என்று கேட்கவில்லை.

முதலில் அவனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் பக்கத்தில் உட்காரவில்லை என்பதை அவன் கவனிக்கவில்லை. காய்ச்சலில் கிடந்த சங்கரபாண்டியன் வாத்தியாரைப் பார்க்கப் போனபோது மகன்காரன் வாசலிலேயே மறித்து, "அய்யா எந்திரிச்சதும் நாங்களே சொல்லி விடுறோம்ணே" என்றான். கல்யாணங்களுக்கு அவனைக் கூப்பிடுவது நின்றது. தனிக் கச்சேரி என்று தன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு, ஊரெல்லாம் அவனே நோட்டீஸ் ஒட்டினான். புள்ளத்தாச்சி இருந்த ஒரு வீட்டில் அதைக் கிழித்து, சுவரில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். அதை அவன் தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கச்சேரிக்கு வந்தது நானும் நாலு ஆடும்.

தொண்ணூற்று ஏழில் வளர்மதிக்கு அருப்புக்கோட்டையில் கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மைக்கு ஒங்க பொறுப்பு, பால்பாண்டி. பொண்ணோட அப்பா அதுக்கிட்ட வரப்படாது."

சரி என்று தலையாட்டினேன். அதில் நானும் ஒரு கூட்டாளி. தாலி ஏறியதும் பொட்டு வைத்த பெட்டியிலிருந்து வேறு யாருடைய குரலையோ போட்டேன். வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற தனுஷ்கோடி இரண்டு தடவை மைக்கைத் திரும்பிப் பார்த்தான். நான் ஒயரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

மறு வருசம் தலைப்பிரசவத்துக்கு வளர்மதி அப்பன் வீடு வந்தாள். பெண் குழந்தை. பிள்ளைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். சேலைத் தொட்டிலில் பிள்ளை சிணுங்கியது. தனுஷ்கோடி ஆட்டிக்கொண்டிருந்தான். ஆட்டுகிற கையோடு, தன்னை அறியாமல், தாலாட்டு எழும்பிவிட்டது. பல வருசம் கழித்து அவன் குரலை நேரில் கேட்டேன். கொஞ்சமும் கெடவில்லை. பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டது.

அடுப்படியிலிருந்து வளர்மதி ஈரக் கையோடு ஓடி வந்தாள். அவள் கோபப்படவில்லை. தொட்டில் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பாடாதீகப்பா" என்றாள். "சும்மா ஆட்டுங்க."

பாட்டு நின்றதும் பிள்ளை மறுபடி அழுதது. அவன் வாயை மூடிக்கொண்டு ஆட்டினான்.