மதகடியில் மூன்றாம் கியர்

மச்சாள் ஓட்டிய வான் வண்டியில் கியர்த் தடியின் தலையிலிருந்த கறுப்புக் குமிழ் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். அவருடைய உள்ளங்கை பட்டுப்பட்டு எண்களெல்லாம் அழிந்து போயிருந்தன. என் கணவரின் அக்கா அவர். தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பிய பிறகு மறிச்சுக்கட்டிக்கும் மன்னாருக்குமிடையே அந்தப் பழைய வானில் ஆள் ஏற்றி ஓடினார். மன்னாரில் நான் வேலை பார்த்த கந்தோருக்கு அதில்தான் போய்வந்தேன். எத்தனை பேர் நெருக்கியடித்து நின்றாலும் முன்பக்கம் அவருக்கு அருகிலிருந்த இருக்கையில் மட்டும் யாரையும் இருக்க விடமாட்டார்.

காட்டோரமாக ஒரு மதகு உண்டு. அது வருவதற்கு முன்பே, வெறும் வீதியில், காரணமில்லாமல் நாலாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு இறக்குவார். எஞ்சின் கதறும். ஒரு நாள் எரிச்சல் தாங்காமல் கேட்டுவிட்டேன்.

"நாலில போகேக்க மிதிச்சா வான் முனகும், பாயாது. மூண்டில எண்டா மிதிச்ச உடன பாயும். அண்டைக்கு யானை இதிலதான் நிண்டது பிள்ளை. நான் நாலில வந்தனான்."

அன்றைக்கு அந்த முன்னிருக்கையில் இருந்தவர் அவர் கணவர். அவர் வீடு திரும்பவில்லை.

காய்ச்சலில் மச்சாள் போனபின் வானை உடைத்து விற்றார்கள். குமிழை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். இப்போது என்னிடம் இருப்பது சின்ன ஓட்டோமற்றிக் கார். கிளச் இல்லை, கியர் மாற்றும் வேலை இல்லை, சொகுசுதான். ஆனால் அவசரத்துக்கு மிதித்தால் முதலில் சத்தம் மட்டும் வரும். நான் சொன்னதை யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் ஓடும். அந்த ஒரு நொடி எனக்குப் பிடிப்பதேயில்லை. முன்னிருக்கையில் என் மகள் இருக்கும்போது இன்னும் பிடிக்காது.

போன மாதம் ஒரு பின்னேரம் அவளோடு அந்த வழியே வந்தேன். மதகுக்குச் சற்று முன்னால், என் கால் இலேசாகத்தான் இருந்தது, எஞ்சின் திடீரென்று குரலை உயர்த்தியது. பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள்.

"அம்மா, மாமி வானில கியர் மாத்துற மாதிரிக் கிடக்கு."

அவள் சொல்லி முடிக்கவில்லை, இடப்பக்கப் பற்றைக்காடு விலகியது. பெரிய தலை, ஒற்றைக் கொம்பு, அவள் பக்க யன்னலுக்கு நேரே. மிதித்தேன். கார் யோசிக்கவில்லை, அப்படியே பாய்ந்தது. கண்ணாடியில் பார்க்கிறேன், நாங்கள் இருந்த இடத்தில் யானை நின்றது.

எஞ்சின் தானாகக் குரல் உயர்த்தியதைப் பற்றிக் கராஜ்காரரிடம் கேட்டேன். "ஏத்தம் இறக்கத்தில அது தானாக் கியரைக் குறைக்கும் அக்கா, பயப்பிடாதேங்கோ" என்றார். அவர் மன்னார்த் தீவுக்காரர், மறிச்சுக்கட்டிப் பக்கம் போனதில்லையாம். அந்த வீதி பாய் விரித்தது போலத் தட்டை.

குமிழ் இப்போதும் காரில், கியருக்குப் பக்கத்திலுள்ள சிறு குழியில் கிடக்கிறது. மதகு வருவதற்கு முன் ஒருமுறை தொட்டுப் பார்ப்பேன். ஏசிக் காற்றில் சில்லென்றிருக்கும். மதகைக் கடந்தபின் தொட்டுப் பார்க்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.