உப்பளத்துப் பேய்க்குக் கொடுத்த வாக்கு

கொழுந்தனின் எவர்சில்வர் டம்ளர் ஒருநாள் அடுக்களையிலிருந்து காணாமல் போனது. தேடிக்கொண்டு போனால், மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகிக் கிடக்கிறது. பக்கத்தில் அவன் தட்டு. ஊர் டீக்கடையில் சேரி ஆட்களுக்குத் தனிக்குவளை வைக்கக்கூடாது என்று கொடி பிடித்து, மண்டை உடைந்து, ஒருவழியாக அந்தக் குவளைகளைத் தூக்கிப் போட்ட வருஷம் அது. எங்கள் வீட்டிலோ ஒருவன் தனக்குத் தானே தனிக்குவளை வைத்துக்கொண்டிருந்தான். "என்னடா, உன்னை நீயே சாதிய விட்டுத் தள்ளி வச்சுக்கிட்டியா?" என்று கேலி செய்தேன். அவன் சிரிக்கவில்லை. நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது அரைக்கால் சட்டையோடு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்தவன். நான் தும்மினால்கூடச் சிரிப்பவன்.

அந்த வருஷமும் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. அரசாங்கம் டெல்லிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தது, நாங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நாற்றங்கால் விடாத வயலில் நின்று என்ன செய்வது என்று கொழுந்தன் உப்பு லாரியில் ஏறிப் போனான். கோடியக்கரைப் பக்கத்து உப்பளத்திலிருந்து மூட்டை ஏற்றிக் கும்பகோணத்தில் இறக்குகிற வேலை. சித்திரையில் ஒருநாள், போதும் என்று இறங்கி வந்துவிட்டான். அதற்குப் பிறகுதான் இந்த டம்ளர் கூத்து.

என் மகளை அவன் தூக்குவதில்லை. பாயை வெளியே போட்டுக்கொண்டான். நல்ல உச்சி வெயிலில், காக்கை பறக்காத நேரத்தில், காய்ந்த ஆற்றின் நடுவில் போய் உட்கார்ந்துகொள்வான். தண்ணீர் இல்லாத காவிரியைப் பகலில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஆறு மாதிரியே இருக்காது. யாரோ வீட்டைக் காலி செய்துகொண்டு போன இடம் மாதிரி இருக்கும். மணல் அத்தனை வெள்ளை. அதன் நடுவில் இவன் ஒரு கரும்புள்ளி. உதடு அசையும். எதிரே யாரும் இருக்க மாட்டார்கள். வெயில் ஏற ஏறக் கானல் எழும்பி, அவன் இடுப்புவரை தண்ணீரில் இருப்பதுபோலத் தெரியும், பிறகு கழுத்துவரை, பிறகு தலை மட்டும். கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நான் ஒருமுறை பயந்துபோய்ப் பேர் சொல்லிக் கத்திவிட்டேன். மணல்தான், முழுக மாட்டான் என்று தெரிந்தேதான் கத்தினேன்.

மாமியாருக்குச் சந்தேகமே இல்லை. பிள்ளையைப் பேய் பிடித்துவிட்டது. அவள் அவசரத்துக்கும் காரணம் இருந்தது. பக்கத்து வயல்காரருக்கும் எங்களுக்கும் இரண்டு தலைமுறையாக வரப்புத் தகராறு. அரிவாள்வரை போய், கட்சிக்காரர்கள் நடுவில் விழுந்து, கடைசியில் அவர்கள் வீட்டுப் பெண்ணை எங்கள் பையனுக்குக் கொடுத்துச் சமாதானம் என்று பேசி முடித்திருந்தார்கள். வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை பைத்தியம் என்று தெரிந்தால் வரப்பு மறுபடியும் நகர ஆரம்பித்துவிடும்.

பேயோட்டுகிற கோடாங்கி வந்தார். நடுப்பகலில் உடுக்கை அடித்தார். வேப்பிலையும் சாம்பிராணியும் கொழுந்தனைச் சுற்றிப் புகைந்தன. அவன் தலை ஆட ஆரம்பித்தது. அவன் ஆடினானா, உடுக்கை ஆட்டியதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"எங்கேருந்து வந்த? சொல்லு!"

"உப்பளம்... லாரி நிக்கிற எடம்."

"எதுக்கு வந்த?"

"மழை. ஒதுங்க எடமில்ல. அந்தக் குடிசைல வெளக்கு எரிஞ்சுது. கையில இருந்த காசக் குடுத்தேன்."

"என்ன வேணும் ஒனக்கு?"

"பயமா இருக்கு. உசிரு போயிரும்."

"பாத்தியா, உசிரக் கேக்குது!" என்று மாமியார் மாரில் அடித்துக்கொண்டாள். கூட்டம் ஒரு அடி பின்னால் போனது. நான் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றேன். எந்தப் பேயாவது காசு கொடுத்து ஆளைப் பிடிக்குமா? அத்தனை பேர் நடுவில் அவன் நடந்ததை அப்படியே சொல்லிவிட்டான். ஒருவர் காதிலும் விழவில்லை. கோடாங்கி அவன் உச்சிமுடியை ஒரு கொத்து அறுத்து, மதகடிப் புளியமரத்தில் ஆணி வைத்து அடித்தார். பேய் மரத்தில் தங்கிவிட்டது என்று சொல்லிச் சேவலை வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் ஆற்றுக்கே சோறு எடுத்துக்கொண்டு போனேன்.

"பேய் போயிடுச்சா?"

"போயிடுச்சு அண்ணி."

"மரத்துல அடிச்சது உன் முடியத்தானே? ரத்தத்த அடிக்கலியே."

இரண்டாம் தடவை குழம்பு ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்த அவன் கை நின்றது. அப்போதெல்லாம் எங்கள் ஊர்ச் சுவர்களில் இரண்டு கட்சிக்காரர்கள் பிடித்து எழுதியது போக மிச்சமிருந்த இடத்தில், எய்ட்ஸ் வந்தால் சாவு என்று ஒரு மண்டையோட்டை வரைந்து வைத்திருந்தார்கள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். மண்டையோட்டுக்குப் படிப்பு எதற்கு?

"தெரிஞ்சுக்கிட்டு என்ன அண்ணி ஆவப்போவுது? தெரியாத வரைக்குமாச்சும் மனுசனா இருக்கேன். தெரிஞ்சா அன்னிக்கே பொணம்."

"பொணத்துக்கு எதுக்குடா ரெண்டாந்தரம் கொழம்பு?"

"வெளையாடாதீங்க அண்ணி."

"சரி, வெளையாடல. உனக்குப் பேசி வச்ச பொண்ணு என்ன பண்ணுச்சு? ரெண்டு தலைமுறையா வரப்புல வெட்டிக்கிட்டோம், ஒரு உசிரு போகல. நீ தாலியக் கட்டிக் கொல்லப் போற."

மணலைக் கிண்டினான். பிறகு, "ஆஸ்பத்திரில நம்மூரு ஆளு யாராச்சும் பாத்துட்டா?" என்றான்.

"பாக்கட்டுமே. அண்ணிக்கு மூலம், கூட்டிட்டு வந்தேன்னு சொல்லிடு."

அதற்குத்தான் சிரித்தான். சிரித்துக்கொண்டே அழுதான். அழுது முடித்துவிட்டு, "எத்தனை மணிக்கு பஸ்சு?" என்று கேட்டான்.

இப்போது பக்கத்து ஊர்ச் சுகாதார நிலையத்திலேயே சோதித்துச் சொல்லிவிடுகிறார்கள், மருந்தும் இருக்கிறது. அன்றைக்குத் தஞ்சாவூர்வரை போகவேண்டும், போய்விட்டு முடிவுக்கு மறுபடியும் போகவேண்டும். முடிவு சொன்ன ஆஸ்பத்திரி அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பொறுமையாகப் பேசினார். டம்ளரில் ஒட்டாது, பிள்ளையைத் தூக்கினால் ஒட்டாது என்றார். "இப்ப ஒண்ணும் இல்ல தம்பி. ஆனா இதை மட்டும் நம்ப முடியாது. நடந்து மூணு மாசம் ஆன பிறகு இன்னொரு தடவ பாத்தாத்தான் நிச்சயம். அதுவரைக்கும் கல்யாணம் வேணாம்" என்றார். பஸ் பாபநாசம் தாண்டும்போது விரல்விட்டு நாள் எண்ணினேன். பந்தல்காலுக்கு நாள் குறித்தாகிவிட்டது. காரணம் சொன்னால் அரிவாள். காரணம் சொல்லாமல் தள்ளிவைத்தாலும் அரிவாள்.

"அண்ணி, அந்தப் பேய் மரத்துலயேவா இருக்கும்?" என்று மெதுவாகக் கேட்டான்.

"பாவம், அதுக்கும் கால் வலிக்காதா? எறங்கி வரச் சொல்லுவோம்" என்றேன்.

இரண்டு வீட்டாரும் பத்திரிகைக்குப் பேர் எழுத உட்கார்ந்த அன்று, உச்சி வேளை பார்த்து நான் கூடத்தில் விழுந்தேன். கூத்தும் கோமாளித்தனமும் எனக்குப் பிறவியிலேயே உண்டு. கொண்டையை அவிழ்த்துவிட்டு, பல்லைக் கடித்து, "ஆவணிக்கு முன்னால தாலி ஏறக்கூடாது, ஏறுனா ரெண்டு வீட்டுலயும் வெளக்கு எரியாது" என்றேன். இரண்டு வீடும் வெலவெலத்துப் போயிற்று. சம்பந்தி, "ஆவணியே ஆகட்டும் தாயி" என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். நான் யோசித்து வைத்திருந்தது அவ்வளவுதான். அத்தோடு எழுந்து தண்ணீர் கேட்க வேண்டியது.

ஆனால் வாய் மூடவில்லை. "இவனுக்குப் பாத்தீங்க. எனக்கு யாரு பாப்பா?" என்று ஒரு குரல் கேட்டது. கரகரத்த, உப்புக்காற்றில் அறுந்த குரல். அது என் தொண்டையிலிருந்து வருகிறது என்று தெரிய எனக்கே சிறிது நேரம் ஆயிற்று. "எனக்கு யாரு பாப்பா? எனக்கு யாரு பாப்பா?" அந்த உப்பளத்துக் குடிசைப் பெண்ணை நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த அத்தனை தூரத்திலும் அவளைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. கண்ணைத் திறந்தபோது கொழுந்தன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அந்தக் கூடத்தில் இது நடிப்பு என்று தெரிந்தவன் அவன் ஒருவன்தான். நடுங்கியவனும் அவன்தான்.

ஒன்றும் தெரியாத மாமியார் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தாள். "நாங்க பாக்குறோம் தாயி. எம்புள்ள வருவான்."

பேய்க்குக் கொடுத்த வாக்கை எங்கள் பக்கத்தில் யாரும் மீறுவதில்லை. ஆடியில் எடுத்த இரண்டாவது சோதனையிலும் ஒன்றும் இல்லை என்று வந்தது. வந்த மறுநாளே மாமியார் ஒரு புடவை, மஞ்சள், கண்ணாடி வளையல் எல்லாம் மூட்டை கட்டி, உப்பளத்தில் படைத்துவிட்டு வா என்று அவன் கையில் கொடுத்தாள். யாருக்குக் கொண்டுபோகிறோம் என்று அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பொழுது சாய்ந்து திரும்பி வந்தான். கொல்லைக்கு நடந்தவன் பின்னாலேயே போனேன்.

"ஆள் இருந்தாங்களா?"

"கதவத் தொறந்தாங்க அண்ணி. என்னக் கண்டதும் பேயப் பாத்த மாதிரி சாத்திக்கிட்டாங்க."

"அப்புறம்?"

"எனக்கு ஒண்ணும் இல்லியாம், ஆனா நீங்களும் ஒருதரம் பாத்துக்குங்க, தெரிஞ்சுக்கிட்டதால யாரும் செத்துடலன்னு கதவுகிட்ட சொன்னேன். சத்தமே இல்ல. உள்ள ஆள் இருக்காங்களான்னே சந்தேகமாப் போச்சு. மூட்டைய வாசல்ல வச்சுட்டு ரோட்டுக்கு வந்துட்டேன். அப்பத்தான் பின்னால கொரல் கேட்டுச்சு. எந்தக் கிழமைல ரத்தம் எடுப்பாங்கன்னு."

"நீ என்ன சொன்ன?"

"திங்கக்கெழமைன்னு சொன்னேன்."

"திரும்பிப் பாத்தியா?"

"பாக்கல அண்ணி. பாத்தா, நான் கேக்கவே இல்லன்னு சொல்லிருவாங்களோன்னு பயமா இருந்துச்சு."