கதவுக்கு வெளியே ஒரு கதிரை

2013ஆம் ஆண்டு மார்ச் மாதம். பாரிஸ் லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடையில் காசு வாங்கிப் போடும் இடத்தில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். அதோடு சம்பளமில்லாத இன்னொரு வேலையும் எனக்கு இருந்தது. பதினைந்து வயதில் இங்கே வந்து பள்ளிக்கூடம் போனவள் என்பதால் பிரெஞ்சு நன்றாக வரும். யாருக்காவது பிரிபெக்தூர் கந்தோரில் விசா அலுவலோ, ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்க ரொந்தேவூவோ என்றால் மொழிபெயர்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். இந்தப் பிள்ளை வந்தால் காரியம் முடியும் என்று அவர்கள் சொல்லும்போது எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். பொய் சொல்வானேன்!

லா சப்பலில் ஒருவர் தும்மினால் புறநகர் ஸ்தேனில் இருப்பவர் கொத்தமல்லி அவிப்பார் என்று எங்கள் முதலாளி பகிடியாகச் சொல்வார். அந்தத் தும்மல் போகும் வழியில் நடுச்சந்தி எங்கள் கடை. யாருக்குக் கல்யாணம் பொருந்தியது, யாருக்கு விசா கிடைக்கவில்லை, யார் வீட்டுப் பிள்ளை யாரோடு மெத்ரோவில் நின்றது எல்லாம் வெண்டிக்காயும் தேங்காய்ப்பாலும் நிறுக்கும் நேரத்துக்குள் என் காதுக்கு வந்துவிடும். நான் யாருக்கும் கெட்டது சொன்னதில்லை. ஆனால் வாயை மூடிக்கொண்டு இருக்கிறவள் என்றும் எனக்குப் பெயரில்லை.

சனிக்கிழமைகளில் மனைவியோடு சாமான் வாங்க வரும் ஓர் அண்ணை இருந்தார். ஒரு பிரெஞ்சு றெஸ்ரோறண்டில் குசினி வேலை. ஐம்பது வயதைத் தாண்டியிருப்பார். கத்தரிக்காயை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து எடுப்பார். நான், கத்தரிக்காய்க்கும் சாதகம் பார்க்கிறியளோ என்று கேட்டுச் சிரிப்பேன். அந்த வருடம் அவருடைய மகளுக்கு ஓல்னே-சூ-புவாவில் ஒரு வீட்டில் கல்யாணம் பேசி முற்றாகியிருந்தது. வைகாசியில் தாலிக்குப் பொன்னுருக்கு. மாப்பிள்ளையின் தாயும் எங்கள் கடைக்கு வருகிறவர்தான். அந்தச் சந்தோசத்தில் மனிதர் சாமான் வாங்கி முடித்தும் போகாமல் நின்று கதைப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அண்ணையின் மனைவி, அந்த அக்கா, எனக்குப் போன் எடுத்தார். அண்ணைக்கு இரண்டு மூன்று நாளாக வயிற்றுக் குத்து, சாப்பிட்டதெல்லாம் சத்தி, ஆஸ்பத்திரியில் மறித்து வைத்துவிட்டார்கள், பித்தப்பையில் கல்லாம், ஒருக்கா வாரும் தங்கச்சி என்றார். மகள் வேலை விசயமாக லியோன் போயிருந்தாள். பயப்படுவாள் என்று அவளுக்குச் சொல்லவில்லை. நான் முதலாளியிடம் சொல்லிவிட்டு ஓடினேன்.

டாக்டர் வந்து, ஒப்பரேசன் செய்ய வேண்டி வரலாம், அதுவரைக்கும் ஒன்றும் சாப்பிடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் சீனப் பெண் ஒருத்தி வந்தாள். முப்பது வயது இருக்கும். தான் மருந்தாளர் என்றும், சீனாவில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை செய்வதாகவும், ஒரு வருடம் இங்கே பழக வந்திருப்பதாகவும் சொன்னாள். அவளுடைய பிரெஞ்சு, வந்த புதிதில் நான் பேசிய பிரெஞ்சு மாதிரியே இருந்தது. ஒவ்வொரு சொல்லையும் தொட்டுத் தொட்டு வைத்தாள். புதிதாக வந்த நோயாளிகள் வீட்டில் என்னென்ன மருந்து எடுத்தார்கள் என்று கேட்பதுதான் அவள் வேலை. டாக்டர் எழுதிக் கொடுத்தது மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது, ஊரிலிருந்து வந்தது, அவித்துக் குடித்தது எல்லாம் சொல்ல வேண்டும் என்றாள்.

நான் தமிழில் கேட்டேன். அண்ணை என்னைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"ஒண்டுமில்லை பிள்ளை. நான் மருந்து மாத்திரை எடுக்கிற ஆளில்லை எண்டு சொல்லும்."

அப்படியே சொன்னேன். அவள் போகவில்லை. தினமும் காலையில் எழும்பியதும் எதாவது போடுவாரா, நித்திரைக்கு முன்னம் எதாவது போடுவாரா என்று வேறு விதமாகக் கேட்டாள். தலையிடிக்கு எப்போதாவது ஒரு குளிசை, அவ்வளவுதான் என்றார் அவர். அக்கா யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

நான் வெளியே வந்தபோது அந்தப் பெண் பின்னால் வந்து, நான் அவர்களுக்குச் சொந்தமா என்று கேட்டாள். சொந்தமில்லை, தெரிந்தவள் என்றேன். தெரிந்தவர் என்பதுதான் பிரச்சினை என்றாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வேலையை விட்டு ஓடி வந்து உதவி செய்கிறவளுக்கு இதுவா மரியாதை என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்து அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். இயந்திரத்தில் எனக்கும் ஒரு கோப்பி எடுத்துத் தந்து, தன் தகப்பனைப் பற்றிச் சொன்னாள்.

அவர்கள் ஊரில் ஒருவரை ஆஸ்பத்திரியில் விட்டால் குடும்பமே கட்டிலைச் சுற்றி நிற்குமாம். எங்கள் ஆட்கள் மாதிரித்தான். அவளுடைய தகப்பனும் அப்படித்தான் படுத்திருந்தார். அவருடைய தமையன் வீட்டில் மூலிகை அவித்துக் கொடுத்து வந்திருக்கிறார். டாக்டர் கேட்டபோது தமையன் பக்கத்தில் நின்றார். தமையனுக்கு முகம் சுருங்கிவிடும் என்று தகப்பன் இல்லை என்று சொல்லிவிட்டார். ஏற்கெனவே பழுதாகிக்கொண்டிருந்த சிறுநீரகத்துக்கு ஆஸ்பத்திரி மருந்தும் சேர்ந்து பாரமாகி, அவர் பிழைக்கவில்லை. அந்த நாளில் அங்கே மருந்தாளர்கள் யன்னலுக்குப் பின்னால் இருந்து மருந்தை எடுத்துக் கொடுப்பதோடு சரி, கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து யாரும் கேட்பதில்லை. இப்போதுதான் எங்கள் ஆஸ்பத்திரியில் வார்டுக்குப் போகத் தொடங்கியிருக்கிறோம், எப்படிக் கேட்பது என்று பழகத்தான் வந்தேன் என்றாள். அழாமல்தான் சொன்னாள். கோப்பியை மட்டும் குடிக்காமல் கையில் வைத்திருந்தாள்.

போனில் மொழிபெயர்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள், எங்கேயோ தூரத்தில் இருப்பவர்கள், அவர்களுக்கு இந்த மனிதரையும் தெரியாது, லா சப்பலையும் தெரியாது என்றாள். தமிழுக்கு அடுத்த நாள் மத்தியானம்தான் ஆள் கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்களாம். அப்போது அவரைத் தனியாக வைத்துக் கேட்கப் போகிறேன் என்றாள். எனக்குக் கோபம் ஆறிவிட்டது. ஆனால் அண்ணை எதையும் மறைக்கிற ஆளில்லை என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன்.

அடுத்த நாள் சனிக்கிழமை, கடையில் சனம் முட்டி வழிந்த நேரம் அக்காவின் போன் வந்தது. ஒரு சொல்லும் விளங்கவில்லை, அழுகை மட்டும் கேட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது கட்டில் வெறுமையாக இருந்தது. அண்ணைக்கு வலிப்பு வந்து, நிற்காமல் திரும்பத் திரும்ப வந்து, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வலிப்போடு சத்தியும் எடுத்து, அது சுவாசப்பைக்குள் போய்விட்டது. காரணம் என்னவென்று தெரியாமல் டாக்டர்கள் தலையைப் படம் எடுத்தார்கள், காய்ச்சல் மூளைக்கு ஏறியதோ என்று பார்த்தார்கள். வலிப்பை நிற்பாட்ட மருந்து ஏற்றிக்கொண்டும் இருந்தார்கள்.

ஒரு சின்ன அறையில் எங்களை இருத்தி, இதற்கு முன் இவருக்கு வலிப்பு வந்திருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அக்கா மடியில் இருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.  அதிர்ச்சியில் பேச்சு வரவில்லையாக்கும் என்று நினைத்து, யோசித்துச் சொல்லுங்கோ அக்கா என்று நான் அவருடைய தோளைத் தடவினேன். தடவத் தடவ அந்தப் பையை இன்னும் இறுக்கினார்.

அப்போதுதான் அந்தச் சீனப் பெண் கையில் ஒரு போனோடு உள்ளே வந்தாள். மத்தியானம் வரை காத்திருக்காமல் எப்படியோ ஆள் பிடித்திருந்தாள். என் முழங்கையைத் தொட்டு, தயவுசெய்து நீங்கள் வெளியே இருங்கள் என்றாள். நான் எழும்பிப் போனேன். கதவு மூடியது. வெளியே ஒரு பிளாஸ்ரிக் கதிரை கிடந்தது. அதில் இருந்து மூச்சை ஒருமுறை இழுத்து விடுவதற்குள் உள்ளே அக்கா பேசத் தொடங்கிவிட்டார். என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை. ஆனால் மடை திறந்த மாதிரி அவர் பேசியது மட்டும் கேட்டது.

அண்ணைக்கு இளவயதிலிருந்தே வலிப்பு வருத்தம். லா சப்பலில் யார் கண்ணிலும் படக்கூடாது என்று எங்கேயோ தூரத்தில் ஒரு டாக்டரிடம் காட்டி, அங்கேயே குளிசை வாங்கி, ஒருநாளும் விடாமல் போட்டு, வருடக்கணக்காக வலிப்பு வராமல் இருந்திருக்கிறார். மகளுக்குக்கூடத் தெரியாது. தகப்பனுக்கு வலிப்பு என்று தெரிந்தால் பெண்ணுக்கும் வரும் என்று சொல்லி மாப்பிள்ளை வீடு பின்வாங்கிவிடும் என்ற பயம். சத்தியில் குளிசை வயிற்றில் நிற்கவில்லை. பிறகு ஆஸ்பத்திரியில் குளிசையே இல்லை. இரண்டு நாள் விட்டால் ஒன்றும் ஆகாது என்று நினைத்திருக்கிறார். வெள்ளி பின்னேரம் மனம் கேட்காமல் மனைவியிடம், ஒருத்தரும் இல்லாத நேரம் பார்த்துக் கொண்டுவந்து தா என்று சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை அக்கா அந்தக் குளிசைப் பெட்டியைக் கைப்பையில் வைத்து மெத்ரோவில் வந்துகொண்டிருந்தபோதுதான் இங்கே வலிப்பு தொடங்கியிருக்கிறது.

காரணம் தெரிந்தபிறகு டாக்டர்கள் வலிப்பை ஒருவாறு நிற்பாட்டிவிட்டார்கள். சுவாசப்பையைத்தான் காப்பாற்ற முடியவில்லை. அடுத்த கிழமை அண்ணை போய்விட்டார். லியோனிலிருந்து ஓடி வந்த மகள், ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று தாயைப் பிடித்து உலுக்கியதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அந்தக் குளிசை விசயமெல்லாம் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சனம் கலைந்தபிறகு அக்கா என்னிடம் சொன்னது. குசினியில் நான் கோப்பை கழுவிக்கொண்டு நின்றேன். அவர் பக்கத்தில் வந்து, ஒரு கோபமும் இல்லாத குரலில் சொன்னார்.

"தங்கச்சி, நீர் நல்லதுக்குத்தான் வந்தனீர். ஆனால் அண்டைக்கு உமக்குப் பதிலா ஆரெண்டே தெரியாத ஒரு ஆள் வந்திருந்தால், அவர் சொல்லியிருப்பார்."

நான் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். என் பிழை என்று அவர் சொல்லவில்லை, என் பிழை என்று நானும் சொல்லவில்லை. ஆனால் என்னைப் பார்த்துத்தான் ஒரு மனிதர் தன் உயிரை வாய்க்குள் பூட்டி வைத்தார் என்பதை எந்த வழியால் விழுங்குவது?

கல்யாணம் ஒரு வருடம் கழித்து நடந்தது. மாப்பிள்ளையின் தாய் கடைக்கு வந்து, எங்களிட்டைச் சொல்லியிருந்தால் நாங்கள் வேண்டாமெண்டோ சொல்லியிருப்பம் என்று கேட்டார். இருக்கலாம். செத்தபிறகு பெருந்தன்மையாகப் பேசுவது எல்லோருக்கும் சுகம் என்றும் எனக்குத் தோன்றியது. நான் மிச்சக் காசை எண்ணிக் கொடுத்தேன்.

சீனப் பெண் ஊருக்குத் திரும்புமுன் கடைக்கு வந்து விடைபெற்றாள். சில வருடங்கள் கழித்துப் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவளுடைய ஆஸ்பத்திரியில் ஒரு வார்டு வாசல், வெளியே ஒரு வரிசைக் கதிரைகள். மருந்து விசயம் கேட்கும் நேரத்தில் குடும்பத்தார் இங்கே இருக்க வேண்டும், முதலில் எல்லோரும் சண்டைக்கு வந்தார்கள், இப்போது பழகிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாள். தன் தகப்பனையும் எங்கள் அண்ணையையும் நினைத்துத்தான் அந்தக் கதிரைகளைக் கேட்டு வாங்கினாளாம்.

மகளிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். அவளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அவள் சொன்னாள்: "எழுதுங்கோ அன்ரி. ஆனா ஏதோ ஒரு வருத்தம் எண்டு எழுதாதேங்கோ. வலிப்பு எண்டே எழுதுங்கோ."

இன்றைக்கும் ஆட்கள் கூப்பிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். மருந்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கியதும், போனில் ஆளைப் பிடியுங்கள் என்று தாதியிடம் சொல்லிவிட்டு எழும்பி வெளியே வந்துவிடுவேன். மூடிய கதவுக்குப் பின்னால் எனக்குத் தெரிந்த ஒருவர் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லும் குரல் கேட்கும்போதெல்லாம், இப்படி ஒரு கதவு அந்த வெள்ளிக்கிழமை மூடியிருந்தால் அண்ணை இப்போதும் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பார் என்றே மனம் அடித்துக்கொள்கிறது.