சேலைகளுக்குள் தொங்கிய மைக்

புத்தூரில் எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால், ட்ரம்ஸ் சத்தம் வருகிற வீடு என்றுதான் சொல்வார்கள். சித்தப்பா மாதா கோயில் திருவிழாவிலும் கல்யாணக் கச்சேரிகளிலும் வாசிப்பவர். சிங்கப்பூரில் ஒரு பாட்டுக் குழுவுக்கு ஆள் வேண்டும், வாசித்து கேசட் அனுப்பு என்று தகவல் வந்தது. மறுநாள் அங்கே கிளம்புகிறவர் கையில் கொடுத்தாக வேண்டும்.

பக்கத்து வீட்டு டேப் ரெக்கார்டர் வந்தது. அது வந்த அழகைத் தனியாகச் சொல்லலாம். பச்சைப் பிள்ளையைப் போலத் துண்டில் சுற்றித் தூக்கி வந்தார்கள். மைக் இரண்டும் பெரிய கடைவீதியில் வாங்கிய மலிவுச் சரக்கு. வயர்களை ஒன்றாக முறுக்கி மாட்டிப் பதிந்தோம். போட்டுக் கேட்டால் ஒரே கரகரப்பு.

"ஏண்டா, ட்ரம்ஸ் வாசிச்சியா, தகரத்தத் தட்டுனியா?" என்றார் அப்பா.

"மைக்கு தாங்கலண்ணே. கிட்ட வெச்சா கத்துது, தள்ளி வெச்சா கொசு மாதிரி கேக்குது." சித்தப்பா குச்சிகளைக் கீழே போட்டுவிட்டார்.

உள்ளறையில் தைத்துக்கொண்டிருந்த அத்தை எழுந்து வந்தாள். அப்பாவின் தங்கை, பிறவியிலேயே காது கேட்காது. வாசி என்று சித்தப்பாவுக்குக் கை காட்டிவிட்டுச் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தாள். கதவு, ஜன்னல், தையல் மெஷின். கடைசியில் உள்ளறை மர பீரோவில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துக் கண்ணை மூடினாள். நானும் வைத்தேன். மரம் மூச்சு விட்டது. படிப்பில்லாதவன் நான், அந்தச் சிலிர்ப்புக்கு இன்னும் எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

அத்தை பீரோவைத் திறந்து, சேலைகளுக்கு நடுவே மைக்குகளைத் தொங்கவிட்டாள். மறுபடி பதிந்தோம்.

போட்டுக் கேட்டபோது பெரிய ட்ரம் எங்கிருந்தோ உருண்டு வந்தது.

"ஐயோ, மழை! வடகம் நனையப் போகுது!" என்று அம்மா மொட்டைமாடிக்கு ஓடினாள்.

அப்பா சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. அத்தை மட்டும் ரெக்கார்டர் மேல் கை வைத்தபடி நின்றாள். கண்ணில் தண்ணீர். சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த கேசட்டைக் கேட்டுவிட்டுத்தான் சித்தப்பாவைக் கூப்பிட்டார்கள். அவர் போன பிறகு, வழக்கமாக அவர் வாசிக்கிற நேரம் வந்தால் அத்தை தையலை நடுவில் நிறுத்திவிட்டு, வெறுந்தரையில் பாதத்தை அழுத்தி வைத்து அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

கால் வலி போலிருக்கிறது என்று, நான் தைலம் எடுத்துக்கொண்டு போய் நின்றேன்.